பசையைச் சுவைத்தவர்

அவருடைய வலது கட்டைவிரல் நகத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி ஒரு வரிகூட எழுத எனக்கு வராது. அரை அங்குலத்துக்கு மேல் வளர்ந்த நகம். பழைய தந்தச் சீப்பு மாதிரி மஞ்சள் நிறம். நுனியைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துத் தேய்த்து உளிபோலத் தட்டையாக வைத்திருப்பார். அந்த நகத்தால்தான் காடிகளின், அதாவது மோட்டார் கார்களின், மேல் ஒட்டிக் காய்ந்த பசையைச் சுரண்டுவார். அதே நகத்தால் காது குடைவார், பல் குத்துவார், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவார். மத்தியானம் சோறு பிசையும்போது அந்த நகம் குழம்புக்குள் மூழ்கி எழுவதை ஒருமுறை பார்த்துவிட்டேன். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. 

ஜப்பான்காரன் பினாங்குக்கு வருவதற்கு ஏழெட்டு வருடங்களுக்கு முந்திய கதை இது. டத்தோ கிராமாட் பக்கம் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், மோட்டார்ப் பட்டறையில் நான் கிராணியாக இருந்தேன். எந்தக் காடி எங்கே வாடகைக்குப் போகிறது, எப்போது திரும்புகிறது என்று எழுதி வைப்பது என் வேலை. அவர் காடி கழுவுகிறவர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஆனாலும் நான் அவரை 'நீ' என்றுதான் கூப்பிட்டேன், முதுகுக்குப் பின்னால் 'அவன்' என்றேன். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவன், வெள்ளை ஜோடு போட்டவன், மேசையில் உட்காருகிறவன் என்ற திமிர். அவர் என்னைக் 'கிராணியாரே' என்பார். பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அவர் பெயரை நானும் இங்கே எழுதப் போவதில்லை.

அந்த நாள் காடிகளின் பெயிண்ட் இந்தக் காலத்துப் பெயிண்ட் இல்லை. தூரிகையால் பூசி, காயவைத்து, தேய்த்து, மறுபடி பூசி, கடைசியில் வார்னிஷ் ஏற்றி முடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ஒரு கீறல் விழுந்தால் அந்தப் பக்கம் முழுவதையும் உரித்துப் புதிதாகப் பூச வேண்டும். ஆனால் வாடகைக்குப் போகிற காடியில் ஜனங்கள் எதைத்தான் ஒட்டமாட்டார்கள்! கல்யாணத்துக்குப் போனால் வண்ணக் காகிதம், சாவுக்குப் போனால் வெள்ளைக் காகிதம், நாடகக் கொட்டகைக்காரர்கள் கையில் கிடைத்தால் நோட்டீஸ். எஸ்டேட்டுக்குப் போனால் ரப்பர் பால், பாலிக் புலாவ் தோப்புக்குப் போனால் பலாப்பிசின். எல்லாம் வெயிலில் வெந்து கல்லாகித் திரும்பி வரும். தடமே தெரியாமல் அதை எடுக்க ஜார்ஜ் டவுனில் அவரை விட்டால் ஆளில்லை என்று மற்ற பட்டறைக்காரர்களே சொல்வார்கள். எப்படி எடுக்கிறார் என்று பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நான் பார்த்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அது. ஒரு சாவு வீட்டுக்குப் போய் வந்த காடியின் கதவில் காகிதம் ஒட்டிய தடம் பழுப்பாகக் கிடந்தது. அவர் குனிந்து அதை நகத்தால் துளி சுரண்டினார். சுரண்டியதை நாக்கு நுனியில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, வாயை மெல்ல அசைத்து, நல்ல பாயசத்தைச் சுவைப்பவர் மாதிரி நின்றார்.

"என்னய்யா பண்ற?" என்றேன். 

"என்ன பசைன்னு பாக்கறேன் கிராணியாரே. வெயில்ல வெந்துட்டா கண்ணுக்கும் தெரியாது, மோப்பத்துக்கும் தெரியாது. நாக்குக்கு மட்டுந்தான் தெரியும். மாவுப் பசை புளிக்கும். வச்சிரம் லேசா இனிச்சு, பொறவு நாறும். ரப்பர் பாலு ஒண்ணுமே சொல்லாது, சும்மா கெடக்கும்."

வச்சிரம் என்பது தச்சர்கள் பலகை ஒட்டுகிற பசை. மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. அதையும் இப்படித்தான் வாயில் வைத்துப் பார்ப்பாயா என்று கேட்டேன். "வைக்காம எப்படி லா தெரியும்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

அன்றைக்கு அது மாவுப் பசை. மாவுப் பசைக்கு அவர் வைத்திருந்த மருந்து எச்சில். இடுப்பு மடியிலிருந்து ஒரு பிடி பச்சரிசியை எடுத்து வாயில் போட்டு மென்றார். வாய் நிறைய ஊறியதும் காடிக் கதவில் பொளிச்சென்று துப்பி, உள்ளங்கையால் மெழுகுவதுபோல் பரப்பி, ஒரு பீடி குடித்து முடிக்கிற நேரம் காத்திருந்தார். பிறகு ஈரத் துணியால் ஒரே இழுப்பு. பால் ஆடைபோல் வழண்டு வந்தது. அடியில் வார்னிஷ் கண்ணாடியாக மின்னியது. பின்னாளில் ஜெனரல் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த நண்பர் ஒருவர், எச்சிலுக்கு மாவைக் கரைக்கிற குணம் உண்டு, அவர் செய்தது சரிதான் என்றார். நண்பர் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அதுவரை வெறும் அசிங்கம் என்று திட்டிக்கொண்டிருக்க எனக்கு வசதியாக இருந்தது.

பலாப்பிசினுக்கு வேறு வழி. பலாப்பழம் அறுக்கும் முன் நம் வீடுகளில் கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வது வழக்கம்தானே. அந்த எண்ணெய்தான் இங்கும். ஆனால் ஆறின எண்ணெய் பிசினுக்குள் இறங்காதாம், அடுப்பில் காய்ச்சினால் வார்னிஷ் கொப்புளித்துவிடுமாம். உடம்புச் சூடுதான் சரியான பதமாம். ஆகவே எண்ணெயை வாயில் ஊற்றிக்கொண்டு, கன்னம் இரண்டும் உப்ப, அரை மணி நேரம் கொப்பளித்தபடியே மற்ற வேலைகளைப் பார்ப்பார். யாராவது பேசினால் தலையை மட்டும் ஆட்டுவார். பிறகு பிசின்மேல் புஸ்ஸென்று ஊதுவார். ஒரு தடவை அப்படித் துடைத்து நிறுத்திய காடியை ஒரு வெள்ளைக்கார அம்மாள் ஏற வந்து, கையுறையைக் கழற்றிவிட்டு மட்கார்டை ஆசையாகத் தடவிப் பார்த்தாள். பிறகு அதே கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் திரும்பி நின்றுகொண்டேன்.

இந்த அசிங்கத்தை நிறுத்த நான் முயலாமல் இல்லை. மரத்தில் செய்த சுரண்டுகோல் ஒன்று, தூரிகை ஒன்று, ஒரு புட்டி கற்பூரத் தைலம், மூன்றையும் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அலமாரியில் ஒரு துணி விரித்து அதன்மேல் வரிசையாக அடுக்கி வைத்தார். தினமும் தூசு தட்டினார். ஒருநாளும் தொட்டு வேலை செய்யவில்லை. கேட்டால், "நல்ல சாமான் கிராணியாரே, அழுக்காயிரும்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அன்று அவர் கட்டைவிரலையே வெட்டிவிடலாம் போலிருந்தது. மேசைக்குப் பக்கத்தில் கார்பாலிக் சோப்பு ஒன்று எப்போதும் வைத்திருப்பேன். அவர் தொட்ட சாவியை நான் தொட நேர்ந்தால் எழுந்து போய்க் கை கழுவுவேன். அவர் பார்க்கிறாரே என்று மறைத்ததுகூட இல்லை. அவரும் அதைப் பார்க்காததுபோல் இருந்ததும் இல்லை. பார்ப்பார், வாளியைத் தூக்கிக்கொண்டு போவார்.

அவசரம் மட்டும் அவருக்கு ஆகாது. டிரைவர்கள் யாராவது கத்தியை எடுத்துக்கொண்டு காடிப் பக்கம் வந்தால் குறுக்கே நின்றுவிடுவார். "ஒட்டினது விடும் லா. நேரம் குடுத்தா அதுவா விடும். பிச்சா தோலோட வரும்" என்பார். தவுக்கேயே ஒரு தடவை அவசரப்படுத்தி, இந்தப் பதிலை வாங்கிக்கொண்டு, முறைத்தபடி உள்ளே போனார்.

ஒரு வருடம், தைப்பூசத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, அவர் திடீரென்று சுத்தமாகிவிட்டார். காலையும் மாலையும் குளியல், நெற்றி நிறைய விபூதி, வெற்றிலை இல்லை, பீடி இல்லை. முக்கியமாக, எதையும் நாக்கில் வைப்பதில்லை. வெந்நீர்த் துணி போட்டும், வெயிலில் காயவைத்த எண்ணெய் தடவியும் மெதுவாக வேலை செய்தார். விரதம் என்றார். தண்ணீர்மலைக் கோயிலுக்கு நாக்கில் அலகு குத்திக்கொண்டு வருவதாக வேண்டுதல். அவர் மனைவிக்கு முன்னே இரண்டு பிள்ளை உயிரில்லாமல் பிறந்திருந்தன. இப்போது மூன்றாவது, ஐந்து மாதம்.

"இந்த நாக்கு எவ்வளவு அசிங்கத்தப் பாத்திருக்கு. அதான் அதையே குடுக்கறேன்னு வேண்டிக்கிட்டேன்" என்றார்.

அந்த ஒரு மாதம்தான் நான் அவர் பக்கத்தில் நின்று பேசியது. நகம் அப்படியேதான் இருந்தது, விரதத்தில் நகம் வெட்டக்கூடாதல்லவா. ஆனாலும் சோப்பைத் தேடிக் கை போகவில்லை. அவர் சிரித்தால் நன்றாக இருக்கும் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இனி என் யோக்கியதையைச் சொல்ல வேண்டும். தவுக்கே சொந்த உபயோகத்துக்குப் புதிதாக ஒரு பெரிய காடி வாங்கியிருந்தார். கரும்பச்சை நிறம். அதை வாடகைக்கு விடக்கூடாது, யாரும் உட்காரக்கூடக் கூடாது என்று கட்டளை. தவுக்கே நான்கு நாள் தைப்பிங்குக்குப் போனபோது ஊரில் ஒரு நாடகக் கம்பெனி வந்திருந்தது. அவர்கள் விளம்பரத்துக்குப் பெரிய காடி கேட்டார்கள். முன்வரிசையில் இரண்டு டிக்கெட் சும்மா தருவதாகச் சொன்னார்கள். அந்த இரண்டு டிக்கெட்டுக்காக நான் அந்தக் காடியை ஒரு நாள் கொடுத்தேன். நோட்டீஸைக் கயிறு போட்டுக் கட்டுவோம் என்றுதான் சொன்னார்கள். ஒட்டிவிட்டார்கள். இரண்டு கதவிலும், முன்பக்க மூடியிலும். காடி சாயங்காலம் திரும்பியபோது நான் நாடகம் பார்க்கப் போக வீட்டில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தேன். மறுநாள் காலை பட்டறைக்கு வந்துதான் பார்த்தேன். காகிதத்தைப் பிய்த்தேன். காகிதம் வந்தது, பசை வரவில்லை. கம்பெனிக்காரர்கள் விடிகாலை ரயிலில் கெடாவுக்குப் போய்விட்டார்கள். தவுக்கே பிற்பகல் நான்கு மணி பெர்ரியில் வருகிறார்.

பயத்தில் நான் செய்தது பெரிய முட்டாள்தனம். பெட்ரோலைத் துணியில் நனைத்துக் கதவின் மூலையில் தேய்த்தேன். பசை அப்படியே இருந்தது. சுற்றி இருந்த வார்னிஷ் வெளுத்துப்போயிற்று, ஓர் உள்ளங்கை அகலத்துக்கு.  வேலை போகும். அதோடு போனால் பரவாயில்லை, தவுக்கே சொல்லிவிட்டால் ஜார்ஜ் டவுனில் வேறு எந்தக் கடையும் என்னை உள்ளே விடாது. என் அப்பாவுக்கு அப்போது பாரிச வாயு. வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான்.

காடி கழுவுகிறவர் வந்து பார்த்தார். என் கையிலிருந்த துணியை வாங்கித் தூர எறிந்தார்.

"இனிமே கை வைக்காதீங்க. ஒரு மருந்துதான் போட நேரம் இருக்கு. தப்பா எண்ணெய் போட்டுட்டா பொறவு தண்ணி உள்ள போகாது. எச்சிலும் ஏறாது. என்ன பசைன்னு தெரியணும்."

"பாத்துச் சொல்லு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "விரதம் கிராணியாரே. இருபத்தஞ்சு நாள் ஆச்சு."

"தெரியும்."

"வச்சிரமா இருந்தா மாட்டுத் தோலு. வாயில பட்டா அலகு குத்த விடமாட்டாங்க."

எனக்கு அதுவும் தெரியும். எதற்கு அந்த விரதம் என்றும் தெரியும். தெரிந்துகொண்டேதான் கையைக் கூப்பினேன். அவர் நகத்தால் துளி சுரண்டி என் உள்ளங்கையில் வைத்தார். "நீங்களே வெச்சுப் பாருங்க. கஷ்டமில்ல. புளிக்குதா, இனிக்குதா, சும்மா கெடக்குதா, அத மட்டும் சொல்லுங்க. மீதிய நான் பாத்துக்கறேன்."

அரிசிக் குருணை அளவுகூட இல்லை. பழுப்பாக, ஒரு முனையில் நோட்டீஸ் காகிதம் ஒட்டிக்கொண்டு இருந்தது. அவர் நகம் பட்டது. அதை உதடு வரை கொண்டுபோனேன். உதட்டில் பட்டதுமே குமட்டல் எடுத்து, ஓடிப்போய்க் கால்வாய் ஓரத்தில் வாந்தி எடுத்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி முயன்றேன். மறுபடி அதேதான். என் வேலை, என் அப்பா, என் வீட்டு அடுப்பு எல்லாம் அந்தத் துளியில் இருந்தது. அப்போதும் நாக்கை நீட்ட எனக்கு முடியவில்லை. தரையில் உட்கார்ந்து அழுதேன்.

 அவர் குழாயடிக்குப் போய் வாய் கொப்பளித்தார். நெற்றி விபூதியைத் துண்டால் துடைத்தார். பிறகு வந்து காடிமேல் குனிந்து நகத்தால் சுரண்டி, நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார்.

"வச்சிரம்" என்றார். துப்பினார்.

அந்த எச்சிலைப் பார்த்தபோதும் எனக்குக் குமட்டியது. அதை மறைத்தால் இந்தச் சித்திரம் பொய்யாகிவிடும்.

பிறகு வேலை தெரிந்த வேலைதான். வெதுவெதுப்பான தண்ணீரில் துணிகளை நனைத்துப் பசைமேல் போட்டார். ஆற ஆற மாற்றினார். மூன்று மணி நேரம், ஒரு தடவைகூடத் தேய்க்காமல். பசை குழைந்து, பின் வழுக்கி, துணியோடு வந்தது. நான் வெளுக்க வைத்த இடத்தில் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் துளித்துளியாக ஏற்றி, கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கினார். நான்கரைக்குத் தவுக்கே வந்து காடியைச் சுற்றி நடந்தார். கதவைத் தடவிப் பார்த்து "பாகுஸ்" என்று என் தோளைத் தட்டினார். நன்றாக வைத்திருக்கிறாய் என்று அர்த்தம். நான் தலையாட்டி வாங்கிக்கொண்டேன். அவர் பின்பக்கம் துணிகளைப் பிழிந்துகொண்டிருந்தார்.

கோயில் பூசாரியிடம் அவர் எதையும் மறைக்கவில்லை. இந்த வருடம் குத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைச் சாலையில் அவரைப் பார்த்தேன். காவடி எடுத்து வருகிறவர்களின் கால் சுடாமல் இருக்க வாளியில் தண்ணீர் சுமந்து தார்ச்சாலையில் ஊற்றிக்கொண்டிருந்தார். கூட்டத்துக்குள் நான் ஒதுங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒருநாள், வீட்டில் எப்படி என்று கேட்டேன். "வீட்டுக்காரி பேச மாட்டேங்குது. இதுக்கும் ஏதாச்சும் ஆனா என்னாலதான்னு சொல்லுது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. விசாரித்ததற்குப் பதில், அவ்வளவுதான். பழையபடி வெற்றிலை போட ஆரம்பித்திருந்தார், பழையபடி பசையை நக்கினார். நானும் பழையபடி எழுந்து போய்க் கை கழுவினேன். அந்த மூன்று நான்கு மாதமும் அவர் ஒருநாள் வேலைக்கு வரத் தாமதமானால் நான் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். பிள்ளைக்கு ஒன்றும் ஆகக்கூடாதே என்று வேண்டிக்கொள்வேன். பிள்ளைக்காகவா எனக்காகவா என்று கேட்டால், எனக்காகத்தான்.

வைகாசி பிறந்த சமயம். காலையில் அவர் நேராக என் மேசைக்கு வந்தார். அதுவரை மேசைப் பக்கம் வந்ததே இல்லை.

"பொண்ணு. நல்லா அழுவுது கிராணியாரே. ரெண்டு பேரும் சுகம்."

மடியிலிருந்து காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். கல்கண்டு. நகத்தால் நெருடிப் பெரிய துண்டாக ஒன்றைத் தேடி எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து என் உள்ளங்கையில் வைத்தார். வாயில் போட்டுக்கொள்வேன் என்று எதிர்பார்த்து நின்றார். "இப்பத்தான் பல் விளக்கினேன், பொறவு சாப்பிடறேன்" என்றேன். சரி என்று போனார்.

துண்டின் ஓரத்தில் பழுப்பாக ஏதோ இருந்தது. வெற்றிலைக் காவியோ பசையோ, இல்லை என் கண்தானோ தெரியவில்லை. நான் முயன்றேன். கையை வாய் வரை கொண்டுபோனேன். உயிரோடு ஒரு பிள்ளை பிறந்திருக்கிறது, அதற்கான இனிப்பு இது, எனக்காக இந்த மனுஷன் எதையெல்லாம் வாயில் வைத்தான் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். முடியவில்லை. பின்பக்கம் போய், யாரும் இல்லை என்று பார்த்துக் கால்வாயில் போட்டேன்.

நிமிர்ந்தபோது அவர் குழாயடியில் வாளியோடு நின்றுகொண்டிருந்தார். பார்த்துவிட்டார். என்னைப் பார்த்து முகம் கோணவில்லை. அருகே வந்து கால்வாயை எட்டிப் பார்த்தார். கல்கண்டு தண்ணீரில் விழாமல் ஓரத்துப் பாசியில் கிடந்தது.

"எறும்பு ஏறும் கிராணியாரே, நகந்துக்குங்க" என்று சொல்லி, வாளித் தண்ணீரை என் வெள்ளை ஜோட்டில் தெறிக்காமல் மெதுவாக ஊற்றி, அதைத் தள்ளிவிட்டார்.